வார் என்றால் உண்டு

பாறசாலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது செல்லையன் அண்ணனின் மகள் லீலா போனில் அழைத்தாள். “சித்தப்பா, அப்பா போயாச்சு. திருவனந்தபுரத்துல கரண்டு மயானத்துக்குக் கொண்டுபோறோம். இங்க அடக்க எடமில்லல்லா” என்றாள். செய்தியைவிட அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னை உட்கார வைத்தது. அண்ணனை அறிந்தவர்களுக்கு ஏனென்று புரியும்.

அவருடைய அப்பா பக்கத்திலுள்ள செங்கல் என்ற ஊரில் குடிகிடப்புக்காரர். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு, இறங்கு என்றால் இறங்க வேண்டியவர். நிலச்சட்டம் வந்து குடிசை நின்ற பத்து சென்ட் அவருக்குச் சொந்தமானது. சில வருடங்களில் அந்த மண்ணின் தெற்கு மூலையிலேயே அடக்கமும் ஆனார். தங்கைகளைக் கரையேற்ற வேறு வழியில்லாமல் அண்ணன் அந்த இடத்தை விற்று விசா வாங்கினார்.

ஈராக்கில் நாங்கள் ஒரே ரோடு கம்பெனியில் இருந்தோம். அவர் லாரி ஓட்டுவார், நான் சரக்குக்குப் பொறுப்பு. ஒருமுறை சரக்கெடுக்கத் துருக்கித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஆன்தெப் என்ற பழைய ஊரில் வண்டி பழுதாகி நின்றது. மேலே இடிந்த கோட்டை, கீழே செம்புப் பாத்திரம் அடிக்கும் தெரு. மதினிக்கு வாங்குவதற்காக, மூடி போட்ட பாத்திரம் உண்டா என்று அண்ணன் ஒரு கடைக்காரரிடம் கைச்சாடையில் கேட்டார். அவர் “வார், வார்” என்றார். நம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, கடையைத் தாண்டி, அவருடைய குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“எலே, வா வாண்ணு விளிச்சாருல்லா. போவாம நிண்ணா மரியாதையா?” என்று என்னையும் கூப்பிட்டார்.

நல்லவேளை, அந்த வீட்டுக் கிழவருக்கு, ஈராக்கில் நாங்கள் பழகியிருந்த அரபு தெரிந்திருந்தது. வார் என்றால் உண்டு, யோக் என்றால் இல்லை என்று சிரித்துக்கொண்டே விளக்கித் தேநீர் தந்தார். ஜன்னல் வழியே தெரிந்த இடுகாட்டைக் காட்டி, அவருடைய அப்பாவும் தாத்தாவும் அங்கேதான் என்றார். தனக்கும் அங்கே இடம் “வார்” என்றார். அண்ணன் தேநீரைக் குடிக்கவில்லை.

பிறகு கோட்டை மேல் ஏறினோம். சரிந்து கிடந்த கல்லொன்றில் உட்கார்ந்து சொன்னார்: “அப்பன் கெடக்க மண்ண வித்துப்போட்டாக்கும் நான் வந்திருக்கேன். இப்ப மேல எவனோ மரச்சீனிக் கிழங்கு நடுவான். திரும்பிப் போய் அந்த மூலைய எப்படியும் வாங்கணும், மக்கா. எனக்கும் அங்க கெடக்கணும்.”

ஊர் திரும்பிய பிறகு அவரால் வாங்க முடிந்தது, பாறசாலையில் சுவரோடு சுவராக ஒரு வீடு மட்டுமே. செங்கல் ஊரில் அப்பாவை அடக்கிய அந்த மூலையைக் கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன். “முற்றத்துல குழிமாடம் வந்தா எனக்க பிள்ளேளுக்கு யாரு பெண்ணு தருவா?” என்றார் நிலத்துக்காரர். அவர் பக்கமும் நியாயம் உண்டு. வெளியே வந்த அண்ணன், “யோக், மக்கா” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகும் பலமுறை தனியாகப் போய்க் கேட்டிருக்கிறார்.

அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியவை அந்த இரண்டு சொற்கள்தான். எப்போது போனாலும் கேட்டில் நின்று “வார்?” என்பேன். உள்ளேயிருந்து “வார், வா” என்று பதில் வரும்.

மின்தகன மேடையில் எல்லாம் முடிந்து, மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பழக்கதோஷம், கேட்டில் நின்று “வார்?” என்று கூப்பிட்டுவிட்டேன். மதினி வெளியே வந்தார். எங்கள் பேச்சை இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தவர்.

“யோக், மக்கா” என்றார்.