பசைமாவுத் தோசை

சிக்கனம் என்ற சொல்லை யாராவது மேடை ஏறிச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவரின் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் அது வேளாவேளைக்குச் சாப்பிட்ட வயிறாகவே இருக்கும்.

ஐம்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்த வருஷங்கள். சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற சாலையை ஒட்டி எங்கள் தெரு. அப்பா விருதுநகரில் ஒரு கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். லோடு வந்தால் கூலி. வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வருவார். "இந்த வாரம் மார்க்கெட்டே படுத்துருச்சு" என்பார், என்னமோ மார்க்கெட்டே அவருடையது போல. ஆகவே அடுப்பு எரிந்தது அம்மாவும் நானும் வீட்டிலிருந்து ஒட்டிய தீப்பெட்டியில்தான். எனக்குப் பதினான்கு வயது. என் படிப்புக்கு ஐந்தாவதோடு முழுக்குப் போட்டாயிற்று. தங்கைக்கு எட்டு வயது. அவள் வயதுப் பிள்ளைகள் விடியுமுன் தூக்குச்சட்டியோடு தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடுக்கப் போவார்கள். அவளை மட்டும் அனுப்பமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். "நாம ரெண்டு பேரும் சாகுறது போதாதா? அவளாவது நாலு எழுத்துப் படிக்கட்டும்" என்பாள்.

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் பெட்டி செய்ய மரச்சில்லும் நீலத்தாளும் தருவார்கள். பசை காய்ச்ச மைதா மாவும் அளந்து போடுவார்கள். ஒட்டிய பெட்டிகளைச் சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. அந்தக் கூலியில் வாங்கும் சோளம், எப்படி இழுத்துப் பிடித்தாலும் புதன்கிழமைக்கு மேல் வராது. வியாழனும் வெள்ளியும் பானை காலி. பள்ளிக்கூடத்தில் சோறு போடும் காலம் அப்போது வரவில்லை.

இங்கேதான் அம்மாவின் மூளை வேலை செய்தது. வீடுவீடாகப் போய்ப் புளியங்கொட்டை பொறுக்கி வருவாள். வறுத்து, தோல் நீக்கி, இடித்து, கூழாகக் காய்ச்சினால் மைதாப் பசையைவிட நன்றாகப் பிடிக்கும். அதைக் கலந்துகொண்டால் பசைக்குப் பாதி மைதாவே போதும். மிச்ச மாவைக் கரைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு, வியாழனும் வெள்ளியும் தோசை. எங்கள் பெட்டி ஒன்றுகூடப் பிரிந்துபோய்த் திரும்பி வந்ததில்லை. திருட்டு என்று யாரும் வாயெடுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த இரண்டு நாள் மாவு இருக்கிற வரைக்கும் தங்கைக்குப் பள்ளிக்கூடம். இல்லையென்றால் கம்பெனி. பட்ஜெட் பட்ஜெட் என்கிறார்களே, எங்கள் வீட்டுப் பட்ஜெட் அவ்வளவுதான்.

அப்போதுதான் முதலாளியம்மாவுக்கு எங்களைத் திருத்தவேண்டும் என்று ஆசை வந்தது. மதுரையில் எங்கேயோ மாதர் கூட்டத்தில் சிக்கனப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தார்களாம். ஒரு சனிக்கிழமை, கூலி வாங்க வந்த பெண்களையெல்லாம் கூலியைக் கொடுக்காமல் உட்காரவைத்துப் பேசத் தொடங்கினார்கள். கூலி கையில் வந்தால் ஒருத்தியும் உட்காரமாட்டாள் என்பது மட்டும் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

மாதச் சாமான்களை மொத்தமாக வாங்கினால் லாபமாம். உழக்குக் கணக்கில் சோளம் வாங்குகிறவர்களிடம் சொன்னார்கள். காப்பியை ஒருவேளையாகக் குறைக்கவேண்டுமாம். எங்கள் தெருவில் காப்பியை முகர்ந்து பார்த்தவர்களே குறைவு. சினிமாவைக் குறையுங்கள், வரும்படியில் நாலில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், "எதுல எடுத்து எதுல வைக்க?" என்று முனகினாள். நாங்கள் சிரித்ததை, பாடம் பிடித்துப்போய்ச் சிரிக்கிறோம் என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டார்கள். அடேயப்பா, எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்!

கடைசியில், "உங்களில் யார் கெட்டிக்காரி? எப்படிச் சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள். நன்றாகச் சொல்கிறவருக்கு ஒரு பித்தளைச் செம்பு" என்றார்கள்.

அம்மா எழுந்துவிட்டாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்து, நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று ஒரு ஆள் கேட்டதில்லை. அப்பா கேட்டாரா? இல்லை.

"வாரத்துல ரெண்டு நாளு நான் அடுப்புக்குன்னு ஒண்ணுமே வாங்குறதில்லைங்கம்மா" என்றாள்.

"அதெப்படி? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்க."

சொன்னாள். புளியங்கொட்டையை எப்படி வறுக்கவேண்டும், எம்புட்டுத் தண்ணீர், எந்தப் பதத்தில் இறக்கவேண்டும், மாவு எவ்வளவு மிஞ்சும், தங்கை எத்தனை தோசை தின்பாள் என்பதுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். முதலாளியம்மா கைதட்டினார்கள். "இதுதான் சிக்கனம்! பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று செம்பைத் தூக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த அம்மா வேண்டுமென்று செய்திருக்கமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் புருஷனிடம் ஒரு நல்ல கதையாகச் சொல்லியிருப்பார்கள். நெய்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் கேட்டிருப்பார். அவருக்குக் கதை காதில் விழாது, கணக்குதான் விழும்.

அடுத்த திங்கட்கிழமை வாசலில் மாவு நீலமாக இருந்தது. மயில்துத்தம். வயலில் பூச்சிக்குக் கரைத்து அடிக்கிறார்களே, அந்த விஷம். கணக்கப்பிள்ளை அதைப் பொடித்து, எங்கள் கண்ணெதிரிலேயே மாவில் கலந்து அளந்துகொண்டிருந்தார்.

"என்னங்கய்யா இது?" என்றாள் அம்மா.

"கரப்பான் அரிக்குதாம் தாயி. பெட்டியெல்லாம் வீணாப் போகுதாம். முதலாளி உத்தரவு."

"கரப்பானுக்கா வச்சீக, எங்களுக்கா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நான் என்னத்தா செய்யட்டும்? அடுத்த ஆளு வரட்டும், நகருங்க" என்றார்.

தெருவில் மாவை மிச்சம் பிடித்தது அம்மா மட்டுமல்ல என்பது அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. ஆறு வீட்டுப் பெண்கள் வந்து வாசலில் நின்று ஏசினார்கள். "செம்புக்கு ஆசைப்பட்டு எங்க அடுப்புல தண்ணிய ஊத்திட்டீகளே" என்றாள் ஒருத்தி. அம்மா தலையைக் குனிந்தபடி பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. சிக்கனம் சிக்கனம் என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். ஏழை ஒருத்தி உண்மையிலேயே ஒரு பிடி மாவை மிச்சம் பிடித்துவிட்டால் அதில் விஷம் வைப்பார்கள். இவர்கள் பாடமும் இவர்கள் பரிசும்! தூ!

முதல் வாரம் அந்தச் செம்பை விற்று ஓட்டினோம். இரண்டாம் வாரம் கடன் கேட்டோம். ஏசிய வீடுகளில் யார் கொடுப்பார்கள்? மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை தங்கை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து, வாத்தியார் ஆள் வைத்து அனுப்பினார். அன்று சாயங்காலம் அம்மா கம்பெனிக்குப் போய்த் தங்கையின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் பழைய தூக்குச்சட்டி ஒன்றைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அவளோ தூக்குச்சட்டி கிடைத்த சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் முழுவதும் சட்டத்தில் குச்சி அடுக்கினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோயிற்று. சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில், பாவாடையில் எதையோ முடிந்து அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். கூலியைக் கேட்டு அம்மா கையை நீட்டினாள். கூலி இல்லை. ஒரு காசு மிச்சம் வைக்காமல், வழியில் கடையில் மைதா வாங்கிவிட்டாள்.

வாரக்கூலி முழுவதும் போட்டும், முன்பு வியாழன், வெள்ளிக்கு எங்களுக்கு மிஞ்சிக்கொண்டிருந்த மாவைவிட அது அதிகமாக இல்லை. அம்மா விளக்கை அருகே இழுத்துவைத்துப் பொட்டலத்தைப் பிரித்தாள். கையை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தின்னலாம்மா" என்றாள் தங்கை. "இதுல துத்தம் இல்ல. கடைக்காரர்ட்ட கேட்டுட்டுத்தான் வாங்குனேன்."