அம்சவள்ளியின் நீலம்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்து, தண்ணீர் வாளிக்குள் அமுக்கி, மேலே ஒரு செங்கல்லைத் தூக்கி வைக்கிறார் அம்சவள்ளி. மறுநாள் உலையிலிருந்து கண்ணாடி பாகாக இறங்கும்போது இந்த ஊறிய பேப்பர்தான் அவருக்குக் கையுறை. இரும்புக் குழாயின் முனையில் தகதகவென்று தொங்கும் கண்ணாடியை இதன்மேல் வைத்து உருட்டித்தான் உருவம் கொண்டுவருவார். புகை வரும், சுட்ட அப்பள வாசனை வரும், ஆனால் கை வேகாது. ஏன் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் என்று ஒருமுறை கேட்டேன். கல்யாண விளம்பரம் வருவதால் அன்றைக்குத்தான் பேப்பர் கனமாக இருக்குமாம். நல்ல வேலையிலிருக்கும், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத எத்தனையோ மாப்பிள்ளைகள் அவர் கையில் கருகிப்போயிருக்கிறார்கள்.

கீழ்புத்துப்பட்டைத் தாண்டி மரக்காணம் போகிற சாலையில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. கண்ணாடிக்காரம்மா வீடு என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் மாட்டித் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. அவர்களையும் திருப்பி அனுப்புவதில்லை, மாட்டிக் கொடுத்துவிடுவார். உள்ளே போனால்தான் சங்கதி வேறு என்று தெரியும். உப்பங்கழி ஓரத்தில் கேட்பாரற்று முளைத்துக்கிடக்கிற உமரிச் செடி, கணுக் கணுவாக, அடியில் சிவப்பும் நுனியில் பச்சையுமாக, இடுப்புயரத்துக்குக் கண்ணாடியில் நிற்கும். ஜெல்லி மீன் என்கிறோமே, அந்தச் சொறிமீன்கள் குடை விரித்து, இழைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கூரைக் கம்பியில் மிதக்கும். காலை வெயில் உள்ளே விழும் நேரத்தில் போனால் நம் சட்டையெல்லாம் நிறம் மாறியிருக்கும்.

அம்சவள்ளி உப்பளத் தொழிலாளியின் மகள். ஆரோவில்லில் ஒரு கண்ணாடிப் பட்டறைக்குப் பெருக்கித் துடைக்கப் போனவர், துடைப்பத்தை வைத்துவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டார். அந்தக் கதையைக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார். "தூசி தும்பு இருக்கக்கூடாதுன்னாங்க. கூட்டிக்கினே இருந்தேன். பாத்துக்கினே இருந்தேன். அவ்ளோதான் சார்."

கண்ணாடி ஊதுவது ஒருவரால் ஆகிற காரியமில்லை. ஒருவர் ஊத வேண்டும், ஒருவர் உருட்ட வேண்டும். ஊதுகிறவர் கணவர் மாயவன். காலையில் உப்பு லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு, மத்தியானம் வந்து குழாயில் வாயை வைப்பார். வீட்டில் அவரை "இன்னாங்க", "வாங்க" என்று கூப்பிடும் அம்சவள்ளி, உலைக்கு முன்னால் வந்துவிட்டால் மரியாதையை வாளியில் போட்டுவிடுவார். "ஊதுய்யா. மெதுவா ஊது. போதும்யா, நிறுத்து." குழாயை வைத்ததும் மறுபடி 'ங்க' வந்துவிடும். மாயவனுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. மூச்சு தன்னுடையது, பெயர் அவளுடையது என்று வருகிறவர்களிடம் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

நிறப்பொடிகள் எல்லாம் காப்பித்தூள் டப்பாக்களில் இருக்கின்றன. அவற்றுக்கு அவர் வைத்திருப்பது புடவைக் கடைப் பெயர்கள். மயில்கழுத்து, அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், ஆனந்தா நீலம். சென்னையில் பொடி விற்கிறவர், இவர் போனில் ஆர்டர் சொல்லும்போது தன் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்வாராம். உலையில் இருக்கும்போது எந்தப் பொடியைப் போட்டாலும் எல்லாம் ஒரே நெருப்பு நிறம்தான். மெல்ல மெல்லச் சூடு ஆற்றும் பெட்டிக்குள் ராத்திரி முழுக்கக் கிடந்து, மறுநாள் வெளியே வந்தால்தான் எது சிவப்பு எது பச்சை என்று தெரியும். ஆகவே பெட்டியைத் திறக்கும்போது அம்சவள்ளி யாரோடும் பேச மாட்டார்.

இரண்டு மூன்று வருஷமாக, பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் சுருங்க ஆரம்பித்தது. நீலம் எடுபடவில்லை. செத்துப்போய் இருக்கிறது. பொடிக்காரரைப் போனில் பிடித்து, கலப்படம் செய்கிறீர்களா என்று சண்டை போட்டார். அந்த மனிதர் பாவம், புது டப்பா அனுப்பிப் பார்த்தார். அதுவும் சரியில்லை. அம்சவள்ளி நீலத்தைக் கூடுதலாகப் போட்டார். அடுத்த தடவை இன்னும் கூடுதலாகப் போட்டார். உமரியின் பச்சையிலும் நீலம் வந்தது, சிவப்பிலும் வந்தது. வாங்குகிறவர்களோ சொக்கிப்போனார்கள். சென்னையில் நடந்த ஒரு கண்காட்சியின் குறிப்பில், கடலின் துயரத்தைக் கரைத்து ஊற்றிய நீலம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். தனக்கு அப்படியொன்றும் துயரம் இல்லையே என்று யோசனையோடு சொன்னார்.

துயரம் இல்லை, பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அப்பா வெயிலில் பளீரென்று அடிக்கும் உப்புப் பாத்திகளிலேயே வாழ்நாளைக் கழித்து, கடைசியில் கண் இரண்டும் போய்க் கிடந்தவர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது நரம்பே செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அம்சவள்ளிக்குக் கண்ணில் லேசாகப் புகை மூட்டம் தெரிய ஆரம்பித்ததும், விளக்கைச் சுற்றி வளையம் விழ ஆரம்பித்ததும், அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அதையே வாயால் சொல்லிவிடுவார்களே என்று போகாமல் இருந்தார். கண் இருக்கிறவரைக்கும் செய்ய முடிந்ததைச் செய்துவிட வேண்டும் என்று வேகவேகமாகச் செய்தார். பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்து விடுதி கட்டியிருக்கும் ஒருவர், வரவேற்பறையில் தொங்கவிட ஒரு சொறிமீன் கூட்டமே வேண்டும் என்று கேட்டதை ஒப்புக்கொண்டதும் அந்த வேகத்தில்தான்.

அவரைக் காட்டிக்கொடுத்தது உப்பு. ஒரு நாள் சமைத்துக்கொண்டிருந்தவர், மாயவன் அன்று கொண்டுவந்த உப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி அழுக்கு உப்பை அள்ளிக்கொண்டு வருகிறீர்கள், மஞ்சளாக இருக்கிறது என்றார். இத்தனை வருஷம் உப்பு மூட்டை தூக்கிய மனிதரிடம் இப்படிச் சொல்லலாமா? மாயவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுநாள் காலையில் அவரை வண்டியில் ஏற்றி உப்பளத்துக்கே கூட்டிப்போனார். அப்போதுதான் வாரிக் குவித்த உப்பு, வெயிலில் கண்ணைத் திறக்க விடாமல் அடித்தது. இப்ப சொல்லு என்றார். அம்சவள்ளி நிதானமாகப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் உப்பே பழுப்புதான் என்றார். அங்கே வாரிக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாயவன் சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு பாதி வழி வந்து, சவுக்கு நிழலில் நிறுத்தினார்.

"அம்சா, உனுக்குக் கண்ணு தெரியலதானே?"

அம்சவள்ளி முதலில் வண்டியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தாராம். கொஞ்ச தூரம் போய் நின்று, அழுதாராம். மாயவன் இதைச் சொன்னபோது அம்சவள்ளி பக்கத்தில்தான் இருந்தார். நடந்தது உண்மை, அழுததெல்லாம் இல்லை என்று திருத்தினார்.

புதுச்சேரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்து, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண் மருத்துவர் சொன்னது ஒன்றுதான். நரம்பு நன்றாக இருக்கிறது. இது வெறும் புரை. உலைச் சூடும் உப்பளத்து வெயிலும் கொஞ்சம் சீக்கிரமே கொண்டுவந்திருக்கலாம். உள்ளே இருக்கிற லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டது, நீலத்தைச் சரியாக உள்ளே விடாது. அதை எடுத்துவிட்டுப் புதிது வைத்தால் தீர்ந்தது.

"அந்த டாக்டரம்மா நரம்பு நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாங்களா, நான் அங்கியே கையெடுத்துக் கும்புட்டுட்டேன் சார்" என்றார் மாயவன். "இவ பாரு, அப்பதான் கேள்வி கேக்குறா."

கேள்வி இதுதான். புது லென்ஸ் எந்தக் கண்ணாடியில் செய்வது? அது கண்ணாடி இல்லை, ஒருவகைப் பிளாஸ்டிக் என்றார் மருத்துவர். அம்சவள்ளியின் முகம் விழுந்துவிட்டது. வேண்டுமானால் நல்ல சுத்தமான கண்ணாடியாகத் தன்னிடமே இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிளாஸ்டிக்கே போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

முதலில் வலது கண். இடது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று அவர் கண்ணில் பட்டதெல்லாம் ஒட்டடை. அடுத்து, மாயவனின் நரைத்த தாடி. இத்தனை நாள் இந்தத் தாடியோடா ஊர் சுற்றினீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதுக்கெல்லாம் யாரு இவ்ளோ நீலம் ஊத்துனது?"

நானும் அடுத்த வாரம் போயிருந்தேன். சொட்டு நீலப் பாட்டில் கவிழ்ந்த மாதிரி இருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அடித்துக்கொள்ளும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. பொடிக்காரருக்குப் போன் போட்டு, பொடியில் குற்றமில்லை, கண்ணில்தான் குற்றம் என்று ஒப்புக்கொண்டார். விடுதிக்காரருக்கும் போன் போட்டார். நிறம் எக்கச்சக்கமாகப் போய்விட்டது, கொஞ்சம் பொறுத்தால் வேறு செய்து தருகிறேன் என்றார். அவர் பதறிப்போய், அந்த நீலத்துக்காகத்தானே கேட்டேன், ஒன்றையும் மாற்றிவிடாதீர்கள் என்றாராம். அவருக்கு எந்தக் கண்ணில் கோளாறோ என்று அம்சவள்ளி என்னிடம் விசாரித்தார். எனக்கு அன்றைக்கு மனசு லேசாக இருந்தது. இந்தப் பெண்மணி இப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

சொறிமீன்களை ஏற்றிப்போக வண்டி வந்தது போன மாதம் ஒரு சாயங்காலம். மறுநாள் காலை அவருக்கு இடது கண் அறுவை சிகிச்சை. வைக்கோல் பரப்பிய மரப்பெட்டிகளோடு ஆட்கள் கொட்டகைக்குள் வந்து நின்றார்கள். மாயவன் ஏணியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நாளையோடு எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும், சந்தோஷம்தானே என்று கேட்டேன்.

"சந்தோசம்தான் சார். இல்லன்னு சொன்னா அடுக்காது. ஆனா இத நான் பாத்துப் பாத்து செஞ்சது அந்தப் பழைய கண்ணால. நாளைக்கு இதுவும் மாறிட்டா, நான் நெனச்சி செஞ்ச கலரு எப்பிடி இருந்துச்சின்னு இனிமே நானே பாக்க முடியாது."

ஏணியில் ஏறப்போன ஆளைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். புது வெளிச்சம் வந்த வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். இடது கண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொறிமீனுக்கும் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். தொங்கும் இழைகளைத் தொடாமல், விரலைக் காற்றில் அவற்றோடு ஓட்டிக்கொண்டே போனார். ஆட்கள் பெட்டிகளைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். கடைசியில் இருந்த பெரியதன் அடியில் வெகுநேரம் நின்றார். பிறகு, பொத்திய கையை எடுக்காமலே, மறு கையை அசைத்து, எடுத்துப்போகச் சொன்னார்.