திருநீறு பூசிய பேய்

அந்த வருஷம் கந்தசஷ்டியும் இந்த ஊர்ப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுத் திரியும் ஹாலோவீனும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. பள்ளிக்கூடம் விடுமுறை. எட்டு வயது மகள் காலையிலிருந்து "அம்மா, பேய் செய்வம்" என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் விரதம். பசி வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். சண்டை பிடிக்கத் தெம்பில்லாமல் சரி என்றேன்.

பேய் செய்வது தோசை சுடுவதைவிடச் சுலபம். ஒரு காகிதத் தட்டு. அதில் கறுப்பு மார்க்கரால் இரண்டு கண், ஒரு வாய். கீழே டொய்லெட் பேப்பரை நீள நீளமாகக் கிழித்து ஒட்டினால் உடம்பு. பேயின் கைகளுக்கு மகள் தன் கையையே தாளில் வைத்துச் சுற்றிவரக் கீறி வெட்டினாள். முடிந்ததும் தலையைச் சரித்துப் பார்த்தாள். பிறகு சாம்பல் நிறப் பென்சிலால் பேயின் நெற்றியில் மூன்று கோடு இழுத்தாள்.

"இது நல்ல பேய் அம்மா. சஷ்டிக்கு ஃபாஸ்டிங்."

பசியை மறந்து சிரித்தேன். எதைச் செய்தாலும் பின்பக்கத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதுவது அவள் வழக்கம். நாக்கைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினாள். முன்னறை யன்னலில் செலோடேப் போட்டு ஒட்டியது நான்தான்.

பின்னேரம் மோர்டனிலிருந்து மச்சாள் வந்தார். என் கணவரின் மூத்த அக்கா. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் பிடிக்கிறவர். அவருக்கு நான் பயப்படுவதில்லை என்று எல்லாரிடமும் சொல்லித் திரிவேன். அது சுத்தப் பொய். அவர் சப்பாத்தைக் கழற்ற முதலே யன்னலைப் பார்த்துவிட்டார்.

"இதென்ன, விரத நாளில பேயைக் கொண்டுவந்து கொழுவியிருக்கிறியள்?"

"ஐயோ, அது எங்கட இல்லை மச்சாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்து தந்தது. வேண்டாமெண்டு சொல்ல ஏலாமப் போச்சு."

எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய். இத்தனைக்கும் மகள் பக்கத்தில் நிற்கிறாள். அவள் விரலில் பசைகூடக் காயவில்லை.

மச்சாள் யன்னலுக்குக் கிட்டப் போய் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

"பக்கத்து வீட்டில வெள்ளைக்காரர் எல்லோ? அந்தப் பிள்ளைக்கு எப்பிடித் திருநீறு பூசத் தெரியும்?"

மகள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு மாமியைப் பார்த்துச் சொன்னாள்:

"நான்தான் மாமி அவளுக்குக் காட்டிக் குடுத்தனான்."

செய்துகாட்டினேன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்த அறையில் காட்டிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் கெட்ட நான், "பால் சூடாக்கட்டோ மச்சாள்?" என்று கேட்டுக் குசினிக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

மச்சாள் சிரிக்கும் சத்தம் அங்கே கேட்டது. "கெட்டிக்காரப் பிள்ளையாத்தான் இருக்கவேணும். எனக்கும் ஒண்டு செய்விச்சுத் தா குஞ்சு. எங்கட வீட்டுக்கும் இனிப்புக் கேட்டுப் பிள்ளையள் வருவினம், கதவில கொழுவலாம்."

"ஓம் மாமி, சொல்லுறன்."

அவருக்குக் கோபமே இல்லை. ஒன்றுமில்லாத ஒன்றுக்குப் பயந்து என் பிள்ளையின் வேலையை இன்னொருத்தியின் தலையில் கட்டியிருந்தேன். மச்சாள் போன பிறகு மகளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவள் ஒன்றும் நடக்காததுபோல டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சாட்டாக வைத்து நானும் பேசாமல் விட்டேன்.

அடுத்த நாள் அவளாகவே இன்னொரு பேய் செய்து கொண்டுவந்து தந்தாள். அதே கண், அதே கை, அதே மூன்று கோடு. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"பெயர் எழுதேல்லையோ?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளையெல்லோ அம்மா செய்தது."

குரலில் கோபமில்லை, நக்கலுமில்லை. மார்க்கரின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள்:

"மாமி கேட்டால் நீங்களும் மறக்காம அப்பிடியே சொல்லுங்கோ."