மஞ்சளாகவே நிற்கட்டும்

பொங்கலூர்ப் பக்கம் எங்கள் மக்காச்சோளத் தோட்டத்தை ஒட்டி ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. அதன் கழிவுநீர் கசிந்து பயிரெல்லாம் மஞ்சள் பாய்ந்தது. "மண்ணுல உலோகம் சேந்திருக்குங்க. சிங்க் சல்பேட் போட்டா வேர் அதைக் கொஞ்சம் கொறைச்சு உறிஞ்சும், பயிர் தாக்குப் பிடிக்கும். ஆனா மண்ணுல இருக்கற விஷம் போகாதுங்க" என்றார் வேளாண் அலுவலர். போட்டேன். பயிர் தேறியது.

அங்கேதான் ஏமாந்தேன். பட்டறை மீது நான் கொடுத்திருந்த புகாரை விசாரிக்க மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்த அன்று, பட்டறை முதலாளி முந்திக்கொண்டார்.

"பாருங்க சார், எங்க தண்ணி கெட்டதுன்னா பயிர் இப்படிப் பச்சைப்பசேல்னு நிக்குமாங்க?"

அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் பாடுபட்டுத் தேற்றிய பயிரே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

இந்தப் போகத்தில் மறுபடியும் புகார் கொடுத்திருக்கிறேன். சிங்க் சல்பேட்டும் போட்டேன், பட்டறைச் சுவரோரப் பாத்தியை மட்டும் விட்டுவிட்டு. அது வெளிறிக் கருகி நிற்கிறது. நேற்று முதலாளியே தேடி வந்தார்.

"ஏனுங்க அக்கா, இதுக்கும் போட்டுடலாமுங்களே? மூட்டை நானே வாங்கித் தர்றனுங்க."

"வேண்டாமுங்க. அதிகாரி வர்ற வரைக்கும் அது அப்படியே நிக்கட்டுமுங்க. உங்களுக்குன்னே விட்டு வெச்சதுங்க அது."