அஞ்சலை என் மேல் கட்டிய பிராது

பன்னிரண்டு குழிக்கு வெடி வைத்தேன். பதினொரு சத்தம்தான் கேட்டது. மிச்சமிருந்த அந்த ஒரு சத்தம் எங்கே போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொளஞ்சியப்பரை நம்புகிறவர்கள் படியுங்கள். ஒரு காலத்தில் என்னைப்போல் சாமியைக் கிண்டல் பண்ணித் திரிந்தவர்கள் இருந்தால் அவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நான் விருத்தாசலத்துக்காரன். கல் குவாரிகளில் வெடி வைப்பது என் தொழில். எங்கள் ஊர் பீங்கான் ஊர் என்பது எல்லாருக்கும் தெரியும். பீங்கானுக்கு மண் மட்டும் போதாது, வெங்கச்சங்கல்லும் அரைத்துச் சேர்க்க வேண்டும். அந்த வெள்ளைக் கல்லை வேப்பூருக்கு அந்தப் பக்கம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர் குவாரியில் வெடி வைத்து உடைத்து லாரியில் அனுப்புவோம். இங்கே அரவை ஆலையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கறை பிடித்த கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்ல கல்லைச் சுத்தியலால் சில்லு சில்லாக உடைப்பார்கள். அதன் பிறகுதான் அது மெஷினுக்குப் போகும். அப்படி உடைக்கிற பத்துப் பதினைந்து பேரில் என் மனைவி அஞ்சலையும் ஒருத்தி.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பதினைந்து வருட அனுபவம், ஒரு கீறல் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. யாராவது எச்சரித்தால், "என் காது பொய் சொல்லாது" என்பேன். வெடி வைக்கிறவனுக்குக் காதுதான் கணக்குப் பிள்ளை. எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அரை மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. பிறகு ஒவ்வொரு குழியாகப் போய்ப் பார்க்க வேண்டும். தொழிலில் முதல் பாடமே இதுதான்.

2005ஆம் வருடம், ஆடி பிறக்கப் போகிற சமயம். ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே அஞ்சலை சொன்னாள்:

"ஏங்க, மணவாளநல்லூர் போயி உங்க மேல பிராது கட்டிட்டு வந்திருக்கேன்."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பர் கோயிலில், நம் குறையை மனுவாக எழுதி கொளஞ்சியப்பர் என்கிற அந்த முருகன் பாதத்தில் வைத்து, பிறகு முனியப்பர் சந்நிதியில் கட்டிவிடுவார்கள். அதுதான் பிராது. யார் மேல் புகாரோ அவர் பெயர், ஊர் எல்லாம் எழுத வேண்டும். கோயிலிலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி காசு கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் போய் மனுவை வாபஸ் வாங்க வேண்டும்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "என்ன செக்‌ஷன்ல கேஸு? நம்ம வூடு பக்கத்துலதான் இருக்குது, சாமி நடந்தே வந்துடும், பஸ்ஸு காசு மிச்சம்" என்று கேலி செய்தேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போனாள். என் கோபத்தைப் பற்றியோ, குடியைப் பற்றியோ எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டே நாளில் அதை மறந்தும் போனேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை. லாரி வந்து நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான். நான் திரிகளைப் பற்ற வைத்துவிட்டு மறைவில் நின்று எண்ணினேன். என்னோடு குழி போடும் துரைக்கண்ணுவும் எண்ணினான்.

"மாமா, பதினொண்ணுதான் கேட்டுது" என்றான்.

எனக்கும் பதினொன்றுதான் கேட்டிருந்தது. ஆனாலும் என் வாய் வேறு சொன்னது. "ரெண்டு ஒண்ணா வெடிச்சுதுடா. நீ ஏத்தச் சொல்லு."

கல்லை அள்ளிப் போட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு லாரி கிளம்பியது, அஞ்சலை வேலை செய்யும் ஆலைக்கு.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். துரைக்கண்ணு முகம் வெளுத்து வந்து நின்றான். கையில் ஒரு சாண் திரி. பாதிதான் எரிந்திருந்தது. மீதி பிய்ந்து போயிருந்தது. பார்த்ததும் விளங்கிவிட்டது. பக்கத்துக் குழி முந்திக்கொண்டு வெடித்ததில் இந்தத் திரி அறுந்திருக்கிறது. அந்த மருந்துத் தோட்டாவும், அதற்குள் சொருகிய கேப்பும் வெடிக்காமல் கல்லோடு கல்லாக லாரியில் போயிருக்கிறது. கேப் என்பது தோட்டாவை வெடிக்க வைக்கிற மருந்து அடைத்த, சுண்டுவிரல் அளவு அலுமினியக் குழாய். ஒரு சுத்தியல் அடி போதும். அதை அடிக்க அங்கே பத்துப் பதினைந்து சுத்தியல் இருக்கிறது. அதில் ஒன்று என் பெண்டாட்டி கையில்.

சோற்றுக் கையைக்கூடக் கழுவவில்லை. துரைக்கண்ணுவை பூத்துக்குப் போய் ஆலைக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு என் டி.வி.எஸ். வண்டியை எடுத்தேன். மெஷின் ஓடும் இரைச்சலில் அங்கே போன் மணி யாருக்கும் கேட்காது என்பதும் எனக்குத் தெரியும். கேட்கவும் இல்லை என்று பிறகு சொன்னான்.

எவ்வளவு முறுக்கினாலும் அந்த வண்டி நாற்பதைத் தாண்டாது. வேப்பூர் தாண்டியதும் அதுவும் போயிற்று. புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. பிளக்கில் கரி அடைத்திருந்தது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து கழற்றினேன். பதினைந்து வருடம் வெடிமருந்தைத் தொட்ட கைக்கு, அன்று ஒரு பிளக்கைப் பிடிக்க முடியவில்லை. பிளக் மண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பயம் என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். வாய்விட்டு அழுதேன். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பிராது ஞாபகம் வந்தது. "கொளஞ்சியப்பா, அஞ்சலை என் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி, குத்தத்தை ஒத்துக்கறேன். எந்தத் தண்டனை வேணும்னாலும் குடு. என் காதை எடுத்துக்க, கையை எடுத்துக்க. நான் போய்ச் சேர்ற வரைக்கும் அந்தக் கல்லு மேல ஒரு சுத்தியலும் விழக் கூடாது" என்று கேட்டேன். நான் கேட்டது இவ்வளவுதான். பிளக்கைச் சட்டையில் துடைத்து மாட்டி மிதித்தேன். வண்டி கிளம்பியது. கோயில் வளைவைத் தாண்டும்போது இறங்கிக் கும்பிடக்கூட நேரமில்லை. "சாமி, சாமி" என்று கத்திக்கொண்டே போனேன்.

ஆலை வாசலில் போய் நின்றபோது மணி இரண்டரை. மெஷின் ஓடுகிறது. சுத்தியல் சத்தம் மட்டும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உள்ளே ஓடினேன். பெண்கள் எல்லாரும் தூரத்தில் புளியமரத்தடியில் நிற்கிறார்கள். நடுவில் வெள்ளைக் கல் குவியல், புதிதாகக் கொட்டியது. அதற்கு முன்னால் அஞ்சலை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். ஆலை மேஸ்திரி அவளைக் கண்டபடி திட்டிக்கொண்டிருக்கிறார். இவள் விடவில்லை.

"வெடிச்ச மருந்து வாசனை வேற மேஸ்திரி. இது பச்ச மருந்து வாசனை. எங்க வூட்டுக்காரரு சட்டையைப் பதினஞ்சு வருசமா தொவைக்கிறேன், எனக்குத் தெரியாதா? அவரு வந்து பாக்காம இதுல யாரும் கை வெக்கக் கூடாது. நீங்களும்தான்."

நான் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால், சாப்பாடு முடிந்து எல்லாரும் சுத்தியலைக் கையில் எடுத்தபோது ஆரம்பித்தது இது. இவள் மூக்குக்கு அந்த வாசனை எட்டியிருக்கிறது. ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டிருக்கிறாள். மேஸ்திரி கல்லை அப்படியே மெஷினில் கொட்டச் சொல்லியிருக்கிறார். அதற்கும் இவள் வழிவிடவில்லை. கணக்குப் பார்த்தால், நான் ரோட்டோரத்தில் பிளக்கோடு அழுதுகொண்டிருந்த நேரமும் அதுதான். உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, இதை எழுதும்போதும்.

"தள்ளு, மெஷினை நிறுத்தச் சொல்லு, எல்லாரும் வெளிய போங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்த மேஸ்திரி மெஷினை நிறுத்த ஓடினார். தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்தேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். குவியலின் அடிப்பக்கத்தில், செம்மண் அப்பிய ஒரு கல்லின் பிளவில் அது இருந்தது. முழுத் தோட்டா, கேப்போடு. குவாரிக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். விவரம் தெரிந்தவர்கள் வந்து வாங்கிப் போய் மறுநாள் காலை வெட்டவெளியில் வைத்து வெடிக்க வைத்தார்கள். நானும் நின்றேன். சத்தம் கேட்டதும், "பன்னெண்டு" என்று உரக்கச் சொன்னேன். துரைக்கண்ணு சிரித்தான், எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

நடந்ததை நான் யாரிடமும் மறைக்கவில்லை. குவாரிக்காரர் மூன்று மாதம் வேலை தரவில்லை. அது நியாயம்தான். திரும்ப வேலைக்குப் போன நாளிலிருந்து, சத்தம் சரியாக இருந்தாலும் ஒவ்வொரு குழியையும் கண்ணால் பார்க்காமல் ஒரு கல்லையும் நகர்த்த விடுவதில்லை. துரைக்கண்ணு எண்ணுவதுதான் கணக்கு. லாரிக்காரர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சரி. குடியையும் அன்றோடு விட்டேன். இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களால் தாங்க முடியாத கஷ்டம் இருந்தால், ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் படிக்கிறார். வரி விடாமல் படிக்கிறார்.

அதை எப்படி அடித்துச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையே நாங்கள் இரண்டு பேரும் பிராதை வாபஸ் வாங்கக் கோயிலுக்குப் போனோம். அஞ்சலைக்கு எழுதத் தெரியாது. முதல் மனுவை அவளுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்த முறை பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"நான் கேட்டது கெடைச்சிருச்சு, வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதுங்க."

"என்ன கேட்டன்னும் எழுதணும். சொல்லு" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"எம் புருசனுக்குப் பயமே இல்ல சாமி. ஒரே ஒரு நாளு அவருக்குப் பயத்தக் காட்டு. பயத்த மட்டும் காட்டு, வேற ஒண்ணும் ஆவக் கூடாது. இதான் கேட்டிருந்தேன்."

எனக்குப் பேனா ஓடவில்லை. அவள் என் தோளைத் தொட்டு, "எழுதுங்க" என்றாள். ஒரு சொல்கூட மாற்றாமல் அவள் சொன்னபடியே எழுதினேன். கீழே அவள் கைநாட்டு வைத்தாள். அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, எதிராளி என்று போட்டு நானும் கையெழுத்துப் போட்டேன்.