முகம் மூடிய ஹெல்மெட்

மழை பெய்தால்தான் ஓட்டம் ஓட்டமாக இருக்கும் என்பது என் மாமாவின் கட்சி. மாமா அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர் என்பதால் லிங்கநகரில் எங்களோடுதான் இருந்தார். கண்டி றோட்டில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் தொலைக்காட்சியில் கார் ஓட்டப் போட்டி தொடங்கினால் வீட்டில் ஒருவரும் குறுக்கே நடக்கக்கூடாது. கதிரை நுனியில் குந்தியிருந்து, முதலில் கார்களை அல்ல, அந்த நாட்டு வானத்தில் மேகம் ஏதும் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். வெயில் எறித்தால் அவருக்கு முகம் விழுந்துவிடும். அரைவாசியில் எழும்பிப் போய்ப் பிளேன்ரீ குடிப்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்தில் இருந்து கேட்பதற்கு என்னை விட்டால் அவருக்கு வேறு ஆள் கிடையாது. ஆகவே மழை ஓட்டத்தின் சூட்சுமங்கள் எல்லாம் எனக்குத்தான் போதிக்கப்பட்டன.

"காய்ஞ்ச றோட்டில ஆற்ற எஞ்சின் பெரிசோ அவன்தான் வெல்லுவான், மருமோள். முதல் சுத்திலயே கதை முடிஞ்சிடும். மழை வந்தா எஞ்சினை நம்ப ஏலாது. கையையும் காலையும்தான் நம்பவேணும்."

எல்லாரும் ஓடி ஓடி ரயர் தேய்ந்து கறுத்துக் கிடக்கும் தடம் காய்ந்த நேரத்தில் நன்றாகப் பிடிக்குமாம். நனைந்தால் அதே தடம் வழுக்கும் சவர்க்காரமாகிவிடுமாம். கெட்டிக்காரன் அதை விட்டு ஒருவரும் ஓடாத வெளிப்பக்கத்தால் போவான். முன்னால் போகிறவனுக்கு மட்டும்தான் பாதை தெரியும். பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அவன் அடித்துவிட்டுப் போகும் தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற கணக்குத்தான். ஈர றோட்டில் பிரேக்கை மிதிக்கக்கூடாது, தடவவேண்டும். இப்படி இப்படி. பள்ளிக்கூடத்தில் இதில் ஒரு பரீட்சை வைத்திருந்தால் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பேன். நானும் மாமாவின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். கார்கள் வழுக்கிச் சுழன்று மணலுக்குள் போய் இறங்கும்போது கைதட்டிச் சிரித்தேன். தொலைக்காட்சியில் பெய்கிற மழை பார்க்கிறவர்களை நனைப்பதில்லை அல்லவா.

அந்தத் தை மாதம், பொங்கலுக்கு மறுநாள், கப்பல்துறைப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் ஓட்டம் வைப்பதாகச் செய்தி வந்தது. மாமா பெயரைக் கொடுத்துவிட்டார். அவரிடம் இருந்தது கழித்துப் போட்ட சாமான்களைப் பொறுக்கிச் சேர்த்துத் தானே கட்டிய ஒரு பழைய மோட்டார் சைக்கிள். காய்ந்த நிலத்தில் அது எவனையும் முந்தாது என்று அவருக்கே தெரியும். ஆனால் மாரி இன்னும் முடியவில்லை. அதுதான் அவருடைய நம்பிக்கை.

அம்மா மறித்துப் பார்த்தார், ஏசிப் பார்த்தார், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், "அப்ப பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. அவள் பாத்துக்கொண்டு நிண்டா நீ மெல்லமா ஓடுவாய்" என்றார். இவ்விதமாக நான் மாமாவின் பிரேக்காக நியமனம் பெற்றேன்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் மாமா ஒரு சாக்குப் பையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே புது ஹெல்மெட். அதுவரை அவர் தலையில் இருந்தது சிரட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பாதி ஹெல்மெட். இது அப்படியல்ல. நாடி, வாய், கன்னம் எல்லாவற்றையும் மூடுகிற கறுப்பு ஹெல்மெட். கண்ணுக்கு முன்னால் இறக்கிவிட ஒரு கறுத்தக் கண்ணாடி. இப்படி ஒன்று இல்லாமல் வந்தால் ஓட விடமாட்டோம் என்று கழகத்தார் சொல்லிவிட்டார்களாம். நான் அதைத் தலையில் மாட்டினேன். உள்ளே என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அம்மாவை வெருட்டலாம் என்று குசினிக்குப் போனேன்.

அம்மா கத்துவார், பிறகு சிரிப்பார், தலையில் ஒரு குட்டு வைப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா கத்தவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பிறகு எழும்பி வந்து இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து உருவி எடுத்தார். என் காது இரண்டும் எரிந்தன. அதைப் பின்கதவால் தூக்கி எறிந்தார். அது கிணற்றடிச் சேற்றில் உருண்டுபோய் நின்றது.

"இது இந்த வளவுக்குள்ள வரக்கூடாது" என்றார் மாமாவைப் பார்த்து.

"அக்கா, விழுந்தா இதுதான் காப்பாத்தும். மழை நேரம் வேற."

"விழுந்து தலை உடைஞ்சாலும் பரவாயில்லை. முகம் தெரியவேணும்."

எனக்கு வாய் பிளந்துவிட்டது. தூறலில் குடையில்லாமல் வேலிக்கு அங்கால் போகவிடாத அம்மா, தலை உடைந்தாலும் பரவாயில்லை என்கிறார். ஓட்டத்தைப் பற்றி அம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று முடிவு கட்டினேன். எதற்கும் விளக்கம் வைத்திருக்கும் மாமா இதையும் விளக்குவார் என்று பார்த்தேன். அவரோ கிணற்றடிக்குப் போய் அதை எடுத்து, இடுப்புச் சாரத் தலைப்பால் சேற்றைத் துடைத்து, சாக்கில் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார். இந்த ஓட்டத்தில் ஏதோ இருக்கிறது, எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் முதல் முதலாகப் பயம் வந்தது.

ஓட்டத்தன்று விடியும்போதே மழை. அம்மா வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மாமா அதே வானத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் வந்திருந்ததால் விடியவே போய்விட்டார். மாமா பாதி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி வீட்டிலிருந்து வெளிக்கிட்டார். கராஜில் நிறுத்தி ஹெல்மெட்டை மாற்றினார். அங்கே அவருடைய கூட்டாளி தன் மோட்டார் சைக்கிளோடு காத்துக்கொண்டு நின்றார். கிண்ணியாவைச் சேர்ந்தவர், நான் அவரைக் கிண்ணியா மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஓடப் போவதில்லை. மாமாவுக்குத் துணையாகவும் எனக்குக் காவலாகவும் வந்தார்.

ஓட்டம் நடந்தது செம்மண் வெளி ஒன்றில். பழைய ரயர்களை அடுக்கிக் கயிறு கட்டி வளைத்து வளைத்துப் பாதை போட்டிருந்தார்கள். குடைகளுக்குக் கீழேயும் தறப்பாளுக்குக் கீழேயும் சனம் நெருங்கி நின்றது. பட்டினத்து முதலாளி ஒருவரின் மகன் புத்தம் புதிய மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். வெயிலாக இருந்தால் அவனிடமே வெற்றிக் கப்பைக் கொடுத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று கிண்ணியா மாமா சொன்னார்.

கொடி அசைந்தது. அத்தனை எஞ்சின்களும் ஒன்றாக எழுப்பிய சத்தம் என் வயிற்றுக்குள் புகுந்தது. முதல் வளைவிலேயே புது மோட்டார் சைக்கிள் வழுக்கிப் படுத்தது. சனம் ஓவென்று கத்தியது. மாமா சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. பெரிய எஞ்சின்கள் சேற்றைக் கிண்டிக்கொண்டு நின்றன. பிரேக்கை மிதித்தவர்கள் சரிந்தார்கள். கடைசியில் வந்தவன் முன்னால் போனான், முன்னால் போனவன் காணாமற் போனான். அடுத்து என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் சனம் துள்ளியது.

ஆனால் தொலைக்காட்சி எனக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. அங்கே ஒவ்வொரு காருக்கும் ஒரு நிறம் உண்டு. யார் எங்கே ஓடுகிறான் என்று கீழே எழுத்தும் ஓடும். இங்கே இரண்டாவது சுற்றில் எல்லாமே ஒரே நிறம். உடுப்பு, இலக்கம், ஹெல்மெட் எல்லாம் செஞ்சேறு.

"மாமா எது?" என்று கேட்டேன்.

கிண்ணியா மாமா கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "விளங்குதில்ல புள்ள" என்றார்.

ஒருவர் மட்டும் நடுத்தடத்தை விட்டு வெளிப்பக்கக் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு போனார். அதுதான் மாமா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒவ்வொருவராக முந்தினார். சனம் அவருக்காகக் கத்தத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கத்துகிற ஒருவருக்கும் அவர் மாமா இல்லையே. கோணேசரே, மழையை நிறுத்து, மாமா கடைசியாக வரட்டும், ஓட்டம் சப்பென்று முடியட்டும் என்று வாய்க்குள் கும்பிட்டேன்.

கோணேசருக்கு அன்று வேறு அலுவல் இருந்திருக்கவேண்டும். தண்ணீர் தேங்கிய வளைவில் வெளிப்பக்கத்தால் வந்தவரின் முன்சில்லு திரும்பியது. மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம் போக, ஆள் ஒரு பக்கம் பறந்தார். ஆள் முகம் அடிபட ரயர் அடுக்கில் மோதி விழுந்தார். அசையவில்லை. சனத்தின் சத்தம் அப்படியே நின்றுபோனது.

கிண்ணியா மாமா குடையைப் போட்டுவிட்டு ஓடினார். நான் கயிற்றடியிலேயே நின்றேன். ஆட்கள் சுற்றி நின்று குனிந்தார்கள். யாரோ ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தப் போனதைக் கண்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முகம் தெரியாதவரைக்கும் அது மாமா இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது.

"புள்ள, வாங்க, வாங்க. கதைக்கிறார்!"

ஓடிப் போனேன். மாமா சேற்றில் எழும்பி இருந்தார். உதடு பிளந்து இரத்தம் வடிந்தது. "எத்தினையாவதா வந்தனான்?" என்று கேட்டார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஹெல்மெட்டின் நாடிப் பக்கத்தில் விரல் நுழையக்கூடிய அளவுக்கு வெடிப்பு. பாதி ஹெல்மெட் என்றால் வாயே இருந்திராது என்று கிண்ணியா மாமா சொன்னார். இதை அம்மாவிடம் காட்டவேண்டும், யார் சொன்னது சரி என்று அம்மா பார்க்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தது மாமாவுக்குக் கேட்டதோ என்னவோ, "அக்காட்ட ஒண்டும் சொல்லாத" என்றார்.

திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. மழை விடவில்லை. விழுந்ததில் சைலன்சர் கழன்றுபோனதால் மாமாவின் மோட்டார் சைக்கிள் வேறொரு குரலில் உறுமியது. பிரேக்கும் சரியில்லை, கிண்ணியா மாமா துணைக்குப் பின்னால் வந்தார். கராஜில் நிறுத்தியபோது மாமா பாதி ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார், சுவர்க் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார்.

"இந்தக் கோலத்தில கண்டா அக்கா பயந்திடுவா. நேர கிணத்தடிக்குப் போய்க் கழுவிட்டுக் காட்டுவம்."

மூடிய ஹெல்மெட்டையே போட்டுக் கண்ணாடியை இறக்கினார். மேலே கறுப்பு ரெயின்கோட்டை மாட்டினார். நான் பின்னால் ஏறி, நனையாமல் இருக்க ரெயின்கோட்டுக்குள் தலையை விட்டு அவருடைய முதுகில் ஒட்டிக்கொண்டேன். உள்ளே இருட்டு. றப்பர் மணம். ஒன்றும் தெரியாது, கேட்க மட்டும்தான் முடியும்.

இரண்டு எஞ்சின்களும் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பின, வேகம் குறைந்தன, கேற்றடியில் நின்றன. அம்மா அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும். அம்மாவின் குரல் கேட்டது. ஆனால் அது நான் அறிந்த குரல் இல்லை. மெல்லிய, மிகவும் மரியாதையான குரல்.

"ஆரைத் தேடுறீங்கள்?"

மாமா காலை நிலத்தில் ஊன்றினார்.

"தம்பி இஞ்ச இல்லை. அவர் கொழும்புக்குப் போய்க் கனகாலம். எங்களுக்கு அவற்ற விலாசமும் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லுக் கேட்காமல் ஓடப் போனதற்கு அம்மா தண்டனை கொடுக்கிறார், உன்னைத் தெரியவே தெரியாது என்று நடிக்கிறார் என்று நினைத்தேன். அம்மாவுக்கு இவ்வளவு நன்றாக நடிக்கத் தெரியும் என்று யார் கண்டது! ரெயின்கோட்டுக்குள் இருந்து சத்தமாகச் சிரித்தேன். மாமாவின் முதுகும் குலுங்கியது. அவரும் சிரிக்கிறார் என்று எண்ணி இன்னும் கூடச் சிரித்தேன்.

மாமா ஹெல்மெட்டைப் பிய்த்து எடுத்தார். "அக்கா, நான்தான். அக்கா, நான்."

தலையை வெளியே நீட்டினேன். அம்மா கேற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடை இல்லாமல், தெப்பமாக நனைந்துபோய் நின்றார். மாமாவின் வாயில் இரத்தத்தைக் கண்டார். அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவருடைய நெற்றியை, மூக்கை, கன்னத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். கிண்ணியா மாமாவும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஓர் அண்ணன், என் பெரியமாமா, இருந்தவர், பிரச்சினை நேரம், போர்க் காலத்தில், செத்தவர் என்பது எனக்குத் தெரியும். காய்ச்சலில் செத்தவர் என்று சொல்வது போலத்தான் அதையும் வீட்டில் சொல்வார்கள். நானும் மேற்கொண்டு கேட்டதில்லை. நான் நடை பழகாத காலத்தில், இதே கேற்றடியில், இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றதும், மூடிய ஹெல்மெட்டுக்குள் இருந்து ஒரு குரல் பெரியமாமாவின் பெயரைச் சொல்லி "நிக்கிறாரா?" என்று கேட்டதும், வெளியே வந்தவரை அந்த இடத்திலேயே சுட்டுவிட்டுப் போனதும் அப்போது எனக்குத் தெரியாது. அன்று கேற்றடிக்குப் போய், "ஓம், நிக்கிறார்" என்று பதில் சொல்லி, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுவிட்டது அம்மாதான் என்பதும் எனக்குத் தெரியாது.