மத்தியானம் பூட்டிய குழாய்

பித்தளைக் குழாயின் கழுத்தில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டும்போது ‘ணங்’ என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டால் எங்கள் தெருவில் மணி பன்னிரண்டு.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கி இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் அவர்களுடைய மத்தியானத் தூக்கம் மட்டும் புதுச்சேரியிலேயே தங்கிவிட்டது. மூன்று மணி வரை கடை இல்லை, ஆபீஸ் இல்லை, தெருமுனைக் குழாயில் தண்ணீரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் வீராம்பட்டினத்து மீன்காரப் பெண்கள் மார்க்கெட் முடிந்து திரும்புவார்கள். அவர்களில் செங்கேணி என் வயதுக்காரி. நாலு மாதப் பெண் குழந்தை அவளுக்கு. அவள் அக்காள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் காத்திருப்பாள். குழந்தை பசியில் வீறிடும். கையெல்லாம் மீன் செதில்… செங்கேணி தொடாமல் நின்றுகொண்டிருப்பாள்.

நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர். அவள் என் வாசலில் வந்து கேட்டால் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றுவேன். ஒருநாள் அவள் கையை நீட்டவில்லை.

“தெனம் உங்க வாசல்ல நின்னு கேக்கணுமா டீச்சரம்மா? இது ஊருக் கொழாதான?”

சுருக்கென்றது. மத்தியானமும் குழாயைத் திறந்துவைக்கச் சொல்லி அன்று மாலையே மனு எழுத உட்கார்ந்தேன்.

மூன்று பக்கம். பிரெஞ்சில். கான்வென்டில் எனக்குப் பாடம் நடத்திய கன்னியாஸ்திரீகளில், அந்த மா மேர்களில், யார் படித்திருந்தாலும் ஓர் இடத்தில்கூடச் சிவப்புக் கோடு போட்டிருக்க முடியாது. அந்தக் கர்வத்தோடு முனிசிபல் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். மெட்ராஸிலிருந்து வந்திருந்த புது ஆபீசர், “பாத்துக்கிட்டிருக்கோம்மா” என்றார். இரண்டாம் மாதமும் அதையேதான் சொன்னார்.

மூன்றாவது தடவை செங்கேணியும் இடுப்பில் குழந்தையோடு கூட வந்தாள். ஆபீசர் என் மனுவை எடுத்துப் புரட்டினார். எதிரே நின்ற நான் அவர் கண்களைப் பார்த்தேன். அவை வரியில் ஓடவில்லை. தாளின் நடுவிலேயே நின்றன.

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது… அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். பக்கத்து மேஜையில் பழைய காலத்துக் குமாஸ்தா ஒருவர், பிரெஞ்சில் கரை கண்டவர், உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“என்னை யாரும் கேக்கலியே, மத்மொசெல்” என்றார் நிதானமாக.

யார் மேல் கோபப்படுவது? அந்த மூன்று பக்கத்தையும் நான் இந்த ஆபீசருக்காக எழுதவில்லை. என் மா மேர் மெச்சுவதற்காக எழுதியிருக்கிறேன். அதற்கு விலை, இத்தனை மாதமாக ஒரு குழந்தையின் மத்தியானப் பசி.

செங்கேணி முன்னால் வந்து பேசினாள்.

“சார், மீன் கையோட தூக்குனா இந்தப் புள்ள மூஞ்சியத் திருப்பிக்கிது. கொழா தொறந்திருந்தா கையக் கழுவிட்டுப் பால் குடுப்பேன். கொழாக்காரர் தூங்கணும்னா தூங்கட்டும், யாரு வேணான்னா? சாவிய எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க.”

ஆபீசர் சிரித்துவிட்டார். “இதை மொதல்லயே எழுதிக் குடுத்திருக்கலாமேம்மா?”

“அதைத்தான் டீச்சரம்மா எழுதிச்சாம் சார்!”

எனக்குக் காது சுட்டது.

உத்தரவு போட வேண்டுமென்றால் காகிதம் வேண்டும். அங்கேயே உட்கார்ந்து தமிழில் எழுதினேன். பழக்கதோஷம்… ‘மீன் கை’ என்பதை ‘மீன் வாடை வீசும் கரங்கள்’ என்று ஆக்கியிருந்தேன். படித்துக் காட்டியதும் செங்கேணி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“இது நான் சொன்னது இல்லியே?”

அடித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினேன். அடித்தல் திருத்தலோடு நான் யாரிடமும் நீட்டிய முதல் தாள் அது. செங்கேணி கைநாட்டு வைத்தபோது அவள் சேலையிலிருந்து ஒரு செதிலும் அதில் ஒட்டிக்கொண்டது.

அந்த மாதத்திலேயே சங்கிலி போய்விட்டது. முதல் நாள் பன்னிரண்டு மணிக்குச் செங்கேணி குழாயைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்தாள். பிறகு சாம்பல் தேய்த்துக் கை கழுவி, ஈரத்தோடு குழந்தையை வாங்கினாள்.

என் பொதுவாழ்வு அங்கேதான் ஆரம்பம். ‘தமிழிலும் மனு கொடுக்கலாம்’ என்று ஓர் அட்டை அந்த ஆபீஸ் ஜன்னலில் தொங்குவதற்கு அறுபத்திரண்டாம் வருஷம் வரை படியேறினேன். பிறகு சாக்கடை, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், தகவல் உரிமை… “இன்னைக்கு யாரோட மனு?” என்று கேட்டுக்கொண்டே காபியை மேஜையில் வைக்கும் என் கணவர் இப்போது இல்லை. மனுக்கள் இன்னும் வருகின்றன.

இன்று எல்லாம் ஆன்லைன். குறை சொல்ல மாட்டேன். மூன்றே நாளில் பதில் வந்த புகாரும் உண்டு. ஒன்றுதான் குறை… படிப்பவரின் கண் வரியில் ஓடுகிறதா என்று பார்க்க, எதிரே ஒரு முகம் இல்லை.

போன வாரம் தெருவிளக்கு எரியவில்லை என்று ஓர் அம்மாள் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. செங்கேணியின் மகள்தான். அன்று இடுப்பில் இருந்த அதே குழந்தை. அவர் சொல்லச் சொல்ல என் டேப்லெட்டில் தட்டி, வழக்கம்போலப் படித்துக் காட்டினேன்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்:

“நல்லாத்தான் இருக்குது டீச்சரம்மா. ஆனா இது நான் சொன்னது இல்லியே?”

அழித்துவிட்டு மறுபடியும் தட்டினேன்.